நாரி நோகாமல் பனி ஒதுக்க: அகலமான ஸ்னோ புஷரைத் தேர்வதும் பாவிப்பதும்

கனடாவில், ரொறன்ரோவின் ஸ்காபரோவில் வீடு வாங்கிய முதல் பனிக்காலத்தில், கடையில் இருந்ததிலேயே அகலமான ஸ்னோ புஷரை, அதாவது தடியில் அகலப் பலகை பொருத்திய பனி தள்ளும் கருவியை, வாங்கி வந்தேன். 36 அங்குலம். அகலம் கூடினால் வேலை சீக்கிரம் முடியும் என்பது என் கணக்கு. டிசம்பரில் அந்தக் கணக்கு சரியாகத்தான் இருந்தது. மாவு போல உலர்ந்த பனி, தள்ளத் தள்ளப் போனது. பெப்ரவரியில் ஒருநாள் மழையும் பனியும் கலந்து கொட்டியது. வேலைக்குப் போகும் அவசரத்தில், பலகை நிறைய இருந்த பனியை அப்படியே தூக்கி வேலிப் பக்கம் எறிந்தேன். கீழ் முதுகில், நாரிக்குள் ஏதோ அறுந்தது போல ஒரு வலி. அன்று வேலைக்கும் போகவில்லை, அடுத்த பத்து நாளும் போகவில்லை.

நெல் காயப்போட்ட களத்தில் அகலப் பலகை பொருத்திய தடியால் நெல்லைத் தள்ளிக் குவிப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்தப் பலகையால் யாரும் நெல்லை அள்ளிச் சாக்கில் போடுவதில்லை. அதற்குக் கடகம் இருக்கிறது. ஸ்னோ புஷரும் அந்தப் பலகைதான். தள்ளுவதற்கு மட்டுமே செய்யப்பட்டது. இதை மனதில் இருத்திக்கொண்டால் எந்த அகலம், எந்தப் பிடி, எப்போது வெளியே இறங்குவது என்பதெல்லாம் தானாகவே தெளியும்.

இங்கே நான் எழுதுவது ரொறன்ரோ, மார்க்கம், எஜாக்ஸ், பிரம்டன் பக்கத்து வீடுகளை நினைத்து. பெரும்பாலும் இரண்டு கார் அகலம், இரண்டு கார் நீளம் கொண்ட டிரைவ்வே, இரு பக்கமும் அல்லது ஒரு பக்கம் மட்டும் புல்தரை, முன்னால் நடைபாதை, அதற்கப்பால் தெரு.

முதலில் பனியின் எடையைத் தெரிந்துகொள்ளுங்கள்

பனி எவ்வளவு ஆழம் என்றுதான் எல்லோரும் கேட்கிறோம். எவ்வளவு ஈரம் என்பது அதைவிட முக்கியம். கடும் குளிரில் விழும் உலர்ந்த புதுப்பனி ஒரு கன மீற்றருக்கு 50 முதல் 100 கிலோ வரை இருக்கும். வெப்பநிலை பூச்சியத்தை ஒட்டியிருக்கும்போது விழும் ஈரப்பனி, விழுந்து ஒரு பகல் கிடந்து அமுங்கியதும், 250 கிலோவைத் தொடும், தாண்டவும் செய்யும். பார்வைக்கு இரண்டும் ஒரே வெள்ளை.

ஐந்தரை மீற்றர் அகலமும் 11 மீற்றர் நீளமும் உள்ள டிரைவ்வேயை எடுத்துக்கொள்ளுங்கள். பரப்பு ஏறத்தாழ 60 சதுர மீற்றர். அதில் 15 சென்ரிமீற்றர் பனி விழுந்தால் 9 கன மீற்றர். உலர்ந்த பனி என்றால் 900 கிலோ. ஈரப்பனி என்றால் 2,250 கிலோ, அதாவது ஒரு பெரிய வான் வண்டியின் எடை. இதைச் சாதாரண 18 அங்குலச் சவளால் அள்ளி எறிவதென்றால் கிட்டத்தட்ட 370 தடவை குனிந்து நிமிர வேண்டும். புஷரின் பயன் இங்கேதான். பனியை நிலத்திலேயே வைத்து நகர்த்துவதால் அதன் முழு எடையும் நம் முள்ளந்தண்டில் ஏறுவதில்லை.

ஆனால் அதற்கும் ஓர் எல்லை உண்டு. 30 அங்குலப் புஷர் என்பது 76 சென்ரிமீற்றர். டிரைவ்வேயின் நடுவிலிருந்து ஓரம் வரை, இரண்டே முக்கால் மீற்றர் தூரம் தள்ளினால், 5 சென்ரிமீற்றர் உலர்ந்த பனியில் ஓரத்தைத் தொடும்போது பலகையின் முன் சேர்ந்திருப்பது 10 கிலோ. அதே தூரம் 15 சென்ரிமீற்றர் ஈரப்பனியில் 78 கிலோ. கருவி அதே, ஆள் அதே, தூரம் அதே. சுமை ஏழரை மடங்கு. ஆகவே புஷர் வாங்குகிறவர் அதோடு ஒரு பழக்கத்தையும் சேர்த்து வாங்க வேண்டும்: பெய்து முடியட்டும் என்று காத்திருக்காமல் ஒவ்வொரு 5 சென்ரிமீற்றருக்கும் ஒருமுறை இறங்குவது. தள்ள வேண்டிய மொத்தப் பனி குறையாது. ஒவ்வொரு தள்ளலின் சுமைதான் குறையும். உடம்பை முறிப்பது மொத்தமல்ல, அந்த ஒற்றைத் தள்ளல்தான்.

எந்த அகலம்?

கடைகளில் 24, 30, 36 அங்குலம் என்ற மூன்று அளவைச் சுற்றியே பெரும்பாலான புஷர்கள் இருக்கும். பெரும்பாலான வீடுகளுக்கு என் பரிந்துரை 30. இரண்டு கார் டிரைவ்வேயை இரு பக்கமாகவும் ஒதுக்க, பக்கத்துக்கு 15 முதல் 17 தள்ளலில் முடிந்துவிடும். உயரம் குறைந்தவர்கள், வயதானவர்கள், முன்பு நாரிப்பிடிப்பு வந்தவர்கள் 24 அங்குலத்தை எடுங்கள். சில தள்ளல்கள் கூடும், அவ்வளவுதான். 36 அங்குலம் எல்லோருக்குமான கருவி அல்ல. தரை சமமாகவும் வெடிப்பில்லாமலும் இருந்து, 5 சென்ரிமீற்றருக்கு ஒருமுறை தவறாமல் இறங்கும் பழக்கமும் இருந்தால் அது உண்மையிலேயே நல்ல கருவி. வேலை முடிந்து இரவு எட்டு மணிக்கு வீடு திரும்பி மொத்தப் பனியையும் ஒரேயடியாக ஒதுக்குபவருக்கு அது பொருந்தாது.

வாங்கும் முன் வீட்டில் ஓர் இடத்தை அளந்து பாருங்கள்: பக்கவாட்டுப் பாதை. பேஸ்மென்டில் ஆட்களைக் குடிவைத்திருக்கும் வீடுகளில் அவர்களுடைய வாசல் பெரும்பாலும் அந்தப் பாதையில்தான் இருக்கும். அது ஒரு மீற்றருக்குக் குறைவாக, இரு பக்கமும் சுவரும் வேலியுமாக இருந்தால் 36 அங்குலப் பலகை நுழைந்தாலும் தள்ளிய பனியை ஒதுக்க இடமிராது. அங்கே சவள்தான் வேண்டும். குடியிருப்பவர் சறுக்கி விழாமல் பார்த்துக்கொள்வது வீட்டுக்காரரின் பொறுப்பு என்பதால், டிரைவ்வேயை மட்டும் மனதில் வைத்துக் கருவி வாங்காதீர்கள்.

உண்மையில் ஒரு வீட்டுக்கு இரண்டு கருவி தேவை: தள்ள அகலமான புஷர், அள்ள 18 அங்குலச் சவள். மூன்றாவதாக ஒன்றும் கடைகளில் நிற்கும். ஆழமான பெரிய தட்டும் அகலமான யூ வடிவக் கைப்பிடியும் கொண்ட சறுக்குச் சவள். அதில் பனியை நிரப்பி, தூக்காமல் சறுக்கிக்கொண்டே போய்க் கொட்டலாம். கியூபெக் பக்கம் பல வீடுகளில் இதைக் காணலாம். அங்கே 1895இல் தொடங்கிய கரான்ட் நிறுவனம் இத்தகையவற்றைச் செய்துவருகிறது. பனியை ஓரத்தில் தள்ளாமல் தூரமாகக் கொண்டுபோக வேண்டிய வீடுகளுக்கு இது சிறந்தது. மற்றவர்களுக்கு இல்லாவிட்டாலும் குறையில்லை.

பலகையும் ஓரமும்

பலகை பிளாஸ்ரிக்கா, அலுமினியமா, இரும்பா என்பதை உங்கள் தரை தீர்மானிக்கட்டும்.

தார் போட்ட டிரைவ்வே என்றால் பிளாஸ்ரிக் பலகை, அதன் அடி ஓரத்தில் உலோகப் பட்டை. பட்டையில்லாத பிளாஸ்ரிக் ஒரு பனிக்காலத்திலேயே தேய்ந்து ஓரம் மழுங்கிவிடும். மழுங்கிய ஓரம் பனியைச் சுரண்டாமல் அதன்மேல் ஏறிப் போகும், அடியில் ஒரு மெல்லிய படை மிஞ்சும், அது இரவில் உறைந்து கண்ணாடியாகிவிடும். இரும்புப் பலகை உறைந்த பனியைச் சுரண்ட நல்லது. ஆனால் அது கனம், ஈரப்பனி அதில் ஒட்டும்.

இன்டர்லொக் கல் பதித்த டிரைவ்வேக்கு உலோகப் பட்டை வேண்டாம். உறைந்து இளகும் மண் கற்களை ஆங்காங்கே சற்று உயர்த்தியிருக்கும். உலோக ஓரம் அதில் மோதினால் கல்லின் விளிம்பு உடையும், அல்லது தள்ளுபவரின் மணிக்கட்டு நோகும். பூவேலை அச்சிட்ட கொங்கிறீற்றுக்கும் அதே கதி, கீறல் விழும். இவற்றுக்குப் பிளாஸ்ரிக் ஓரம்தான் சரி. தேய்ந்தால் மாற்ற வேண்டியிருக்கும். சரளைக்கல் டிரைவ்வேயில் எந்த ஓரமும் கல்லைச் சேர்த்துத்தான் தள்ளும். பிளாஸ்ரிக் குழாயொன்றை நீளவாக்கில் கீறி, பலகையின் அடியில் மாட்டிவிட்டால் அது கல்லின்மேல் வழுக்கிப் போகும். அடியில் 2 சென்ரிமீற்றர் பனி மிஞ்சும், மிஞ்சட்டும்.

பலகையின் வளைவையும் பாருங்கள். நன்றாக உள்வளைந்த பலகையில் பனி சுருண்டு முன்னே உருளும். தட்டையான பலகையில் அது மேலே ஏறி, பின்பக்கம், உங்கள் சப்பாத்தின்மேல் விழும். விலை குறைந்த பிளாஸ்ரிக்குகளில் சில கடும் குளிரில் நொறுங்கும் தன்மை கொண்டவை. பலகையின் பின்புறம் குறுக்கு விலா எலும்பு போலத் தடிப்பு வார்த்திருக்கிறதா, கைத்தடி பலகையில் சேரும் இடத்தில் ஆணி இறுக்கமாக இருக்கிறதா என்று கடையிலேயே பார்த்துவிடுங்கள். புஷர்கள் பெரும்பாலும் உடைவது அந்தச் சந்தியில்தான்.

கைப்பிடி

இதைப் பலர் கவனிப்பதில்லை. என்னைக் கேட்டால் பலகையைவிடப் பிடிதான் முக்கியம். கடையிலேயே பலகையை நிலத்தில் வைத்து, தள்ளும் சாய்வில் பிடித்துப் பாருங்கள். பிடி உங்கள் இடுப்புக்கும் நெஞ்சின் கீழ்ப்பகுதிக்கும் இடையில் வரவேண்டும். அதற்குக் கீழே வந்தால் நாள் முழுக்கக் கூனித் தள்ளுவீர்கள். அதற்கு மேலே வந்தால் தோளால் தள்ளுவீர்கள். கணவனுக்கும் மனைவிக்கும் ஓரடி உயர வித்தியாசம் இருக்கும் வீடுகளில் ஒரே புஷர் இருவருக்கும் பொருந்தாது. நீளத்தைக் கூட்டிக் குறைக்கும் தடி கொண்டதையோ, யூ வடிவப் பிடி கொண்டதையோ வாங்குங்கள். யூ வடிவப் பிடியில் இரு கையும் அகன்று இருப்பதால் சுமை இரு பக்கமும் சமமாகப் பிரியும், பலகை ஒருபக்கம் திருகாது. 30 அங்குலத்துக்கு மேல் போவதென்றால் அதைத்தான் எடுக்கச் சொல்வேன்.

மரத்தடி குளிரில் கையைக் கொல்லாது, ஆனால் கனம். வெறும் உலோகத்தடி கையுறையையும் தாண்டிக் குளிரும். அதற்கு நுரைப்பஞ்சு சுற்றியிருக்க வேண்டும். ஃபைபர் கிளாஸ் இலகுவானது, வளைந்து கொடுக்கும், விலை கூட.

பனி விழுமுன் செய்ய வேண்டியவை

நவம்பரில், நிலம் இறுகுமுன், டிரைவ்வேயின் இரு ஓரத்திலும் ஒளி தெறிக்கும் குச்சிகளை ஊன்றிவிடுங்கள். வெள்ளை மூடிய பிறகு புல் எங்கே தொடங்குகிறது என்று தெரியாது. புஷர் புல்லில் குத்தி நின்றால் அதன் அடியை வாங்குவது உங்கள் கை.

பிறகு வீட்டைச் சுற்றி நடந்து, பனியைக் குவிக்கக் கூடாத இடங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். பக்கச் சுவரில் வெள்ளைப் பிளாஸ்ரிக் குழாய் நீட்டிக்கொண்டிருந்தால் அது பெரும்பாலும் வீட்டைச் சூடாக்கும் ஃபேர்னஸின் புகைவழி. அதைப் பனி அடைத்தால் ஃபேர்னஸ் நின்றுபோகலாம், அல்லது கார்பன் மொனொக்சைட்டு வீட்டுக்குள் திரும்பலாம். பனிப்புயலன்று குழாயைச் சுற்றித் துப்புரவு செய்வது டிரைவ்வேயைவிட முந்திய வேலை. பேஸ்மென்ட் யன்னலுக்கு முன்னும் குவிக்காதீர்கள், மார்ச்சில் அது உள்ளே ஒழுகும். தீயணைப்புத் தண்ணீர்க் குழாய் உங்கள் புல்தரையில் இருந்தால் அதை மூடக் கூடாது. தெருவுக்குத் தள்ளுவதும் கூடாது: அனுமதியில்லாமல் வீதியில் பனியைப் போடுவதை ஒன்ராறியோவின் நெடுஞ்சாலைப் போக்குவரத்துச் சட்டமே தடுக்கிறது. அயலவரின் பக்கம் தள்ளுவதைச் சட்டம் சொல்லியா தெரிந்துகொள்ள வேண்டும்?

டிசம்பரில் விழும் முதற்பனியை ஓரத்தோடு விட்டுவிடுகிறோம். அது உறைந்து சுவராகிவிடும். ஜனவரிப் பனிக்கு அந்தச் சுவரைத் தாண்டி இடம் தேட வேண்டும், அப்போதுதான் தூக்குவது தொடங்குகிறது. முதற்பனியையே புல்தரையின் உள்ளே ஒரு மீற்றர், ஒன்றரை மீற்றர் தள்ளி விடுங்கள். 1999 ஜனவரியில் ரொறன்ரோவில் அடுத்தடுத்துப் பெய்து, மேயர் மெல் லாஸ்ட்மன் இராணுவத்தை உதவிக்கு அழைத்தது அக்காலத்தில் இங்கே இருந்தவர்களுக்கு நினைவிருக்கும். அப்படியொரு மாதத்தில் பனியை ஒதுக்குவதைவிட ஒதுக்கிய பனிக்கு இடம் கண்டுபிடிப்பதுதான் பெரிய பாடு.

இதயத்தைப் பற்றி

இந்தப் பகுதியைத் தாண்டிப் போகாதீர்கள். 1995இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் சஞ்சிகையில் வந்த ஓர் ஆய்வில், உடற்பயிற்சிப் பழக்கமில்லாத பத்து ஆரோக்கியமான ஆண்களைக் கனமான பனி அள்ளவிட்டு அளந்தார்கள். இரண்டே நிமிடத்தில் அவர்களுடைய இதயத்துடிப்பு உச்ச அளவின் 85 சதவீதத்தைத் தாண்டியது. கனடிய மருத்துவச் சங்கத்தின் சஞ்சிகையில் 2017இல் வந்த கியூபெக் ஆய்வு 1981 முதல் 2014 வரையான பதிவுகளைப் பார்த்தது. 20 சென்ரிமீற்றர் பனி பெய்த நாளுக்கு அடுத்த நாள், பனியில்லாத நாளோடு ஒப்பிடும்போது, ஆண்கள் மாரடைப்பால் இறக்கும் அபாயம் 34 சதவீதம் கூடியிருந்தது.

காரணம் விளங்கக்கூடியதே. குளிர் இரத்தக் குழாய்களைச் சுருக்குகிறது. கைகளால் செய்யும் கடும் வேலை கால்களால் செய்வதைவிட இரத்த அழுத்தத்தை அதிகம் ஏற்றுகிறது. பாரத்தைத் தூக்கும்போது நம்மையறியாமல் மூச்சைப் பிடிக்கிறோம். இவை மூன்றும் அதிகாலையில், தூங்கி எழுந்த உடம்பில் ஒன்றாக நடக்கின்றன. தெற்காசியர்களுக்கு மற்றவர்களைவிட இளவயதிலேயே மாரடைப்பு வருகிறது என்பது பல நாடுகளில் கண்டறியப்பட்ட விடயம். நம் வீடுகளில் சர்க்கரை வியாதி இல்லாத வீடு எது?

ஆகவே: இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவர்கள், நெஞ்சுவலிக்கு மாத்திரை எடுப்பவர்கள் இந்த வேலையைச் செய்ய வேண்டாம். 50 வயது தாண்டி உடற்பயிற்சி இல்லாதவர்கள் குடும்ப வைத்தியரைக் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். வயிறு நிறையச் சாப்பிட்டவுடன் இறங்காதீர்கள், இடையில் சிகரெட் வேண்டாம். நெஞ்சில் இறுக்கம், இடது கையிலோ தாடையிலோ வலி, காரணமில்லாத வியர்வை வந்தால் புஷரை விட்டுவிட்டு உள்ளே போய் 911ஐ அழையுங்கள். மிச்சப் பனி கிடக்கட்டும்.

பக்கத்தில் தனியாக இருக்கும் அம்மா, ஐயாமாருக்குப் பிள்ளைகளை அனுப்பி ஒதுக்கிக் கொடுக்கலாம். ஒன்ராறியோவில் உயர்நிலைப் பள்ளி முடிக்க 40 மணி நேரச் சமூகசேவை வேண்டும். முதியவர் வீட்டுப் பனியை ஒதுக்குவது அதில் சேருமா என்று பள்ளியில் முன்கூட்டியே கேட்டு வையுங்கள்.

தள்ளும் முறை

உள்ளே நின்றபடியே ஐந்து நிமிடம் கை கால்களை அசைத்து உடம்பைச் சூடாக்குங்கள். ஒரு தடித்த கோட்டைவிட மெல்லிய உடுப்புகள் இரண்டு மூன்று நல்லது, வியர்க்கும்போது ஒன்றைக் கழற்றலாம். அடி பிடிக்கும் சப்பாத்து கட்டாயம். பலகையின் உட்பக்கம் சிலிக்கன் ஸ்பிறேயோ, மெழுகோ, அதுவும் இல்லையென்றால் சமையல் எண்ணெயோ ஒரு துணியால் பூசுங்கள். ஈரப்பனி நாளில் இந்த ஒரு நிமிட வேலை அரை மணி நேரத்தை மிச்சப்படுத்தும்.

காரின்மேல் இருக்கும் பனியை முதலில் தட்டி விழுத்துங்கள். முடிந்தால் காரை எடுப்பதற்கு முன்னமே டிரைவ்வேயை ஒதுக்குங்கள். ரயர் ஏறிய பனி நசுங்கி நிலத்தோடு ஒட்டிவிடும்; பிறகு எந்தப் புஷரும் அதைக் கிளப்பாது.

கராஜ் கதவடியில் தொடங்குங்கள். அங்கே பலகையைப் பனியின் பின்னால் வைத்து உங்களை நோக்கி இரண்டடி இழுத்தால் கதவோரம் திறந்துவிடும். பிறகு டிரைவ்வேயின் நடுக்கோட்டில், கராஜிலிருந்து தெருப்பக்கம் நோக்கி, பலகையின் ஒரு நுனியைச் சற்று முன்னே விட்டுச் சாய்வாகத் தள்ளிக்கொண்டு போங்கள். பனி முன்னால் முழுவதும் சேராமல் ஒரு பக்கமாக உருண்டு விழும். இப்போது நடுவே ஒரு பாதை கிடைத்துவிட்டது. அந்தப் பாதையில் நின்று இடப்பக்கம் பாதி, வலப்பக்கம் பாதியாக, குறுக்கே ஓரத்துக்குத் தள்ளுங்கள். ஒவ்வொரு தள்ளலும் முந்தியதன்மேல் அரைச் சாண் ஏறியிருக்கட்டும். இல்லாவிட்டால் இடையில் வரிவரியாகப் பனி மிஞ்சும். ஒரு பக்கம் மட்டுமே புல்தரை உள்ளவர்கள் நடுப்பாதை வெட்ட வேண்டாம். புல்தரைப் பக்கம் உள்ள பாதியை முதலில் முடித்து, பிறகு மற்றப் பாதியைக் கொண்டுவந்து சேருங்கள்.

உடம்பு நிற்கும் விதம்: முதுகு நேராக, ஒரு கால் முன்னே, முழங்கால் லேசாக மடிந்து, முழங்கை விலாவோடு ஒட்டி. தள்ளுவது தொடையும் குதிக்காலும். கைகள் பிடித்திருக்க மட்டும். பலகை நிலத்தோடு 30 முதல் 45 பாகை சாய்வில் இருந்தால் சுரண்டும். தடியின் நுனியை வயிற்றில் முட்டுக்கொடுத்துத் தள்ளாதீர்கள். பனிக்குள் மறைந்திருக்கும் வெடிப்பில் பலகை மோதி நிற்கும்போது முழு வேகமும் அந்த நுனியில் வந்து இறங்கும். பிடி எப்போதும் இடுப்பின் பக்கவாட்டில், முழங்கை சற்று மடிந்து, அடி விழுந்தால் கை உள்வாங்கும்படி இருக்க வேண்டும்.

ஓரத்தை எட்டியதும் தூக்கி எறியும் ஆசை வரும். வேண்டாம். கடைசி ஓரடியில் வேகத்தைக் கூட்டி ஒரு உந்து உந்தி, பலகையைச் சட்டென்று பின்னால் இழுங்கள். பனி தானே முன்னே சரிந்து விழும். குவியல் முழங்கால் உயரம் வந்துவிட்டால் புஷரை அந்த இடத்தில் நிறுத்திவிட்டு, சவளால் குவியலின் தலையை மட்டும் அப்பால் தள்ளிவிட்டு வாருங்கள்.

10 சென்ரிமீற்றருக்கு மேல் விழுந்துவிட்டால் முழுப் பலகையையும் கொடுக்காதீர்கள். பலகையின் பாதி அகலம் மட்டும் பனியைக் கடிக்கட்டும், மற்றப் பாதி ஏற்கெனவே துப்புரவான தரையில் ஓடட்டும். இன்னும் ஆழமென்றால் இரண்டு படையாக எடுங்கள்: மேற்பாதியை முதலில், கீழ்ப்பாதியைப் பிறகு. நேரம் எடுக்கும்தான். இப்படி ஒதுக்கும் நாட்களில் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை நின்று மூச்சு வாங்குங்கள். தண்ணீர் குடியுங்கள், குளிரில் தாகம் தெரியாது.

20 சென்ரிமீற்றரைத் தாண்டிய ஈரப்பனி, செங்குத்தான சரிவு, நான்கு கார் நீளம். இவற்றில் எது இருந்தாலும் புஷரோடு மல்லுக்கட்ட வேண்டாம். அது பனியை வாரி வீசும் இயந்திரமான ஸ்னோபுளோவரின் வேலை.

தெருவோர வரம்பு

டிரைவ்வே முழுவதையும் துடைத்து வைத்துவிட்டு நிமிரும்போது நகரசபையின் பனித்தள்ளு லொறி வரும். போகும்போது உங்கள் வாசலுக்குக் குறுக்கே வயல் வரம்பு போல ஒரு மேட்டை விட்டுவிட்டுப் போகும். தெருவின் உப்பும் சேறும் ஐஸ் கட்டியும் கலந்த அந்த வரம்பு, டிரைவ்வேயில் கிடந்த பனியைவிடப் பல மடங்கு கனம். அதில் அகலமான புஷரைப் பாய்ச்சினால் பலகை வெடிக்கும், இல்லையென்றால் நாரி பிடிக்கும். அங்கே சவளை எடுங்கள். சிறு சிறு துண்டாக வெட்டி, கால் பங்கு மட்டும் நிரப்பி, உடம்பை முறுக்காமல், கால்களால் திரும்பி ஓரத்தில் வையுங்கள். உறைந்துபோகுமுன் செய்தால் பாதி வேலைதான். இரவு விட்டால் காலையில் அது கல்.

வரம்பைச் சிறிதாக்க ஒரு வழி உண்டு. வீட்டுக்கு முதுகைக் காட்டித் தெருவைப் பார்த்து நில்லுங்கள். கனடாவில் வண்டிகள் வலப்பக்கம் ஓடுவதால் லொறி உங்கள் இடக்கைப் பக்கமிருந்து வரும். அந்த இடப்பக்கத்தில், டிரைவ்வேக்குச் சற்று முன்னால், தெரு விளிம்பை ஒட்டி ஒரு கார் நீளத்துக்குப் பனியை அகற்றி ஒரு பள்ளம் வைத்துவிடுங்கள். லொறி தள்ளிவரும் பனியில் பெரும்பகுதி அந்தப் பள்ளத்தில் இறங்கிவிடும். வாசலுக்கு வரும்போது அதன் பலகையில் கொஞ்சம்தான் இருக்கும். வண்டிகள் இடப்பக்கம் ஓடும் இங்கிலாந்தின் லண்டனில் இதைச் செய்பவர்கள் வலப்பக்கம் வெட்ட வேண்டும்.

ரொறன்ரோவின் சில பகுதிகளில் நகரசபையே இந்த வரம்பைத் திறந்துவிடுகிறது. உங்கள் வட்டாரத்துக்கு அது உண்டா என்று நகரசபையின் 311 தொலைபேசி எண்ணில் கேட்டுத் தெரிந்துகொண்டால் வீண் பாடு மிச்சமாகும்.

உப்பு

நன்றாக ஒதுக்கிய தார்த் தரையில் வெயில் பட்டால் பூச்சியத்துக்குக் கீழேயும் காய்ந்துவிடும். ஆகவே உப்பு ஒதுக்கலுக்குப் பதிலாகாது. ஒதுக்கிய பிறகு மிஞ்சும் வழுக்கலுக்குத்தான். ஒரு பெரிய காப்பிக் கோப்பை உப்பு ஆறு மீற்றர் நீள டிரைவ்வேக்குப் போதும். குவியலாகக் கிடக்கும் உப்பு கூடுதலாக உருக்குவதில்லை, ஓடையிலும் ஒன்ராறியோ ஏரியிலும்தான் போய்ச் சேர்கிறது. சாதாரணக் கல்லுப்பு மைனஸ் 10 பாகைக்குக் கீழே மந்தமாகிவிடும். அந்தக் குளிரில் மணல் தூவுங்கள், கால் பிடிக்கும். புதிதாகப் போட்ட கொங்கிறீற்றுக்கு முதல் பனிக்காலம் உப்பே வேண்டாம். மேற்பரப்பு செதில் செதிலாக உரியும்.

புஷரைப் பேணுதல்

வேலை முடிந்ததும் பலகையில் ஒட்டிய உப்புத் தண்ணீரைத் துடைத்து, கராஜ் சுவரில் இரண்டு ஆணியடித்துத் தொங்கவிடுங்கள். பலகையை நிலத்தில் ஊன்றிச் சாய்த்து வைத்தால் நாளடைவில் ஓரம் வளையும், வளைந்த ஓரம் நடுவில் பனியை விட்டுப் போகும். மாதத்துக்கு ஒருமுறை ஆணிகளை இறுக்குங்கள். உலோகப் பட்டையில் பிசிறு எழும்பினால் அரத்தால் ஓர் இழுப்பு. பட்டையைத் தனியாக மாற்றக்கூடிய புஷர்களுக்கு மாற்றுப் பட்டையை நவம்பரிலேயே வாங்கி வையுங்கள், புயல் அறிவித்த அன்று கடையில் ஒன்றும் மிஞ்சாது. புதிதாக வாங்க நினைப்பவர்களுக்கு மார்ச் கடைசி நல்ல காலம், கடைகள் விலையைக் குறைத்துத் தோட்டச் சாமான்களுக்கு இடம் பண்ணும். ஆனால் இங்கே ஏப்ரலிலும் ஒருமுறை கொட்டுவதுண்டு, அதுவும் ஈரப்பனியாக. ஏப்ரல் கடைசி வரை புஷரையும் சவளையும் கதவோரத்திலேயே விட்டுவையுங்கள்.